காய்ப்புழுவின் பூர்வீகம்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலோரத்தில், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இடிந்து நிற்கிறது. சோழமண்டலத்து நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் கப்பலேறிய அத்துறையைக் கண்ட நாள்முதல், பருத்தி கடல் கடந்த வழியில் அதன் சத்துருவும் தேசாந்தரம் போயிருக்குமோ என்னும் விசாரம் என்னைப் பற்றிக்கொண்டது. அத்துறை அமைந்த செங்கற்பட்டு நெல் விளையும் சீமையாதலால், விடையைப் பூச்சி சாஸ்திர நூல்களிலேயே தேடலானேன்.

பருத்தியின் சத்துருவாகிய இளஞ்சிவப்புக் காய்ப்புழு நம் தேசத்திலேயே முதலில் அடையாளம் காணப்பட்டது. குஜராத்தின் பரூச் பகுதியிலிருந்து அனுப்பப்பட்ட அந்துப்பூச்சிக்கு, சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1843இல் சாஸ்திரப் பெயரிட்டார். பிஞ்சுக் காயில் நுழைந்த புழுவின் துவாரம் மூடிக்கொள்வதால், வெளியே காய் பழுதற்றுத் தோன்றும். உள்ளே கொட்டைகள் குடையப்பட்டு, பஞ்சு கறைபட்டிருக்கும். தெளிக்கும் மருந்து புழுவின்மேல் படுவதில்லை. இரண்டு கொட்டைகளை நூலால் இணைத்து அவற்றினுள் மாதக்கணக்கில் உறங்கவும் வல்ல ஜீவன் அது. ஆகவே அது துணியோடு போகவில்லை, கொட்டையோடு போயிற்று: 1906-07 வாக்கில் இந்தியப் பருத்தியுடன் எகிப்திற்கும், அங்கிருந்து 1911இல் மெக்சிகோவிற்கும், 1917இல் டெக்ஸாஸிற்கும்.

பட்டுப்புழுக்களை மாய்த்த நோயை ஆராய்ந்து, 1901இல் ஜப்பானிய நிபுணர் இஷிவாட்டா கண்ட பாக்டீரியாவின் மரபணுவே, காய்ப்புழுக்களை எதிர்க்கப் பி.டி. பருத்தியில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற அப்பருத்தி, பச்சைக் காய்ப்புழுவை வெகுவாக அடக்கி, பல வட்டாரங்களில் மருந்தடிப்பைக் குறைத்ததை மறுப்பது நியாயமாகாது. ஆனால் இளஞ்சிவப்புப் புழு ஒற்றை மரபணுவை வென்றதைக் குஜராத்தில் கண்டதாக 2010இல் அவ்விதையின் நிறுவனமே அறிவித்தது. சில ஆண்டுகளில் இரட்டை மரபணு சேர்த்த பருத்தியும் தோற்றது. இங்கு விற்றவை வீரிய ஒட்டு ரகங்கள்; அவற்றின் ஒரே காயில் நச்சுப்புரதமுள்ள கொட்டையும் அற்ற கொட்டையும் கலந்திருந்தமையால், புழு பிழைத்துப் பழகியது. பி.டி. அல்லாத செடிகளைச் சுற்றிலும் நடவேண்டுமென்ற விதியைப் பலர் அனுசரிக்கவில்லை. நெடுநாள் நின்ற செடி, புழுவுக்கு இடைவிடாத உணவாயிற்று.

இதைப் படித்தபின், சென்னை ராஜதானியின் 1919ஆம் ஆண்டு விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் என் கண்ணில் பட்டபோது உண்மையிலேயே வியந்தேன். கோயம்புத்தூர்ச் சீமையில் கம்போடியாப் பருத்தியை மறுதாம்பாக விட்டுவைக்கும் வழக்கத்தால் பூச்சிகள் பெருகின. ஆகஸ்டு பிறக்குமுன் பழைய செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமென்று அச்சட்டத்தின்கீழ் ஆணையிட்டார்கள். பி.டி. விதையோடு, மலட்டு அந்துகளைப் பறக்கவிட்டும், அறுவடைக்குப் பின் பருத்தி மாரை அழித்தும் போராடிய அமெரிக்கா, 2018இல் தன் பருத்தி நிலங்களில் இப்புழு ஒழிந்ததென்று அறிவித்தது.

பருத்தி விளைவிக்கும் அன்பர்களே, கடைசிப் பறிப்பு முடிந்ததும் மாரை வேரோடு பிடுங்கிவிடுங்கள். அண்டை நிலத்தாரையும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள். ஊர் முழுவதும் ஒரே காலத்தில் செய்தால்தான் இப்புழு பட்டினியால் மடியும்.