பெருசும் குட்டியும் ஒரு எவர்சில்வர் தட்டும்

வீட்டு நாய்க்கு வயசாகி, வாசல்ல படுத்தா எந்திரிக்கவே யோசிக்க ஆரம்பிச்சதும், வர்றவன் போறவன் எல்லாம் சொல்ற ஒரே வைத்தியம்: "இன்னொரு குட்டி வாங்கி விடுங்க, பெருசுக்குத் துணையா இருக்கும்." இதுல ஒரு கூத்து என்னன்னா, யாரும் பெருசுகிட்ட கேக்குறதே இல்ல. ஒரு நாள் சாயங்காலம் முன்னப்பின்ன தெரியாத ஒரு பயலை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, "இனிமே இவன் உங்க கட்டில்லதான் படுப்பான், உங்க தட்டுலதான் கை வைப்பான், உங்களுக்குத் துணைக்கு" அப்படின்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதே கதைதான் அதுக்கும்.

எங்க வீட்டுப் பெருசு பேரு மணி. நாட்டு நாய், செம்மண் நிறம், பதினோரு வயசு. நான் ஸ்கூல் படிக்கும்போது தெருவுல கெடந்து எடுத்துட்டு வந்தது. நான் இஞ்சினியரிங் முடிச்சு, சென்னைல பொட்டி தட்டப் போனதுக்கப்புறம் அம்மா அப்பாவுக்குப் பையன் அதுதான். இடுப்புல வலி, மாடிப்படி ஏறாது. இது போதாதா, அப்பா முடிவு பண்ணிட்டார். அதுவும் சாதாரணக் குட்டி இல்ல, ராஜபாளையம் குட்டி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். வெளியூர்ல எங்க ஊர்ப் பேரைச் சொன்னா பால்கோவாவும் ஆண்டாள் கோவிலும் ஞாபகம் வரும், பக்கத்து ஊர்ப் பேரைச் சொன்னா நாய். நூல் மில்லும் பேண்டேஜ் துணியும் அப்புறம்தான் :-) உடம்பு முழுக்க வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு, நீளக் காலு, பன்னி வேட்டைக்குன்னே வளர்த்த ஜாதி. 2005 ஜனவரி 9-ந் தேதி தபால் துறை நாலு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டப்ப ஹிமாலயன் ஷீப் டாக், ராம்பூர், முதோல் கூட நம்மாளும் இருந்தான். அப்புறம் 2020 ஆகஸ்ட் 30-ந் தேதி பிரதமர் ரேடியோ பேச்சுல நாட்டு ஜாதி நாய்களை வளருங்கன்னு சொல்லி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு வரிசையா பேரைச் சொன்னார். அப்பா அந்த பேச்சைக் கேட்ட நாள்ல இருந்து பித்துப் பிடிச்ச மாதிரிதான். இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, கிராக்கி கூடுனா குட்டி போடுற வேகமும் கூடும். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தா என்ன ஆகும்ங்கிறது கீழ வரும்.

ராஜபாளையத்துல ஒரு அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சாச்சு (பேரு வேண்டாம்). அவரு முப்பதாவது நாளே குட்டியைத் தூக்கிட்டுப் போகச் சொன்னார். நான் போன்லயே முடியவே முடியாதுன்னுட்டேன். எட்டு வாரமாவது தாயோடயும் கூடப் பிறந்ததுகளோடயும் இருக்கணும். கடிச்சா எவ்வளவு வலிக்கும், எங்க நிறுத்தணும்ங்கிற பாடமெல்லாம் அங்கதான் நடக்கும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாத குட்டியை வயசான நாய் முன்னாடி கொண்டு வந்து விடுறது ரெண்டுக்கும் பாவம். அப்பா அறுபது நாள் பொறுத்தார். அதுக்குள்ள மணிக்கு வருஷாந்திர ஊசி, வெறிநாய்க்கடி தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. குட்டிக்கு ஆறு - எட்டு வாரத்துல முதல் ஊசி, மூணு நாலு வாரத்துக்கு ஒருதடவை அடுத்தடுத்தது, மூணு மாசத்துல வெறிநாய் ஊசி. இது முடியற வரைக்கும் தெருவுல இறக்கி விடக்கூடாது. பார்வோன்னு ஒரு வைரஸ் இருக்கு, மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கெடக்கும், குட்டிக்கு வந்தா ரத்த பேதிதான்.

போன வருஷம் ஆடிப்பூரத் தேரோட்டம் முடிஞ்ச மறுவாரம் நான் லீவு போட்டுட்டுப் பொதிகை பிடிச்சு ஊருக்கு வந்தேன். ஆபீஸ்ல காரணம் "ஃபேமிலி ஃபங்ஷன்"ன்னு சொன்னேன், பொய் இல்லியே.

முதல் சந்திப்பு வீட்டுக்குள்ள கூடாது. வீடு பெருசோட எல்லை. ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேணும். தெருவுல இறக்க முடியாது, அதனால செண்பகத்தோப்பு போற வழியில சித்தப்பாவோட மாந்தோப்பு. கம்பி வேலி போட்டது, வேற நாய் உள்ள வராது. (அந்தப் பக்கம் மலையடிவாரம் 1988-லயே சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆக்குனது, 2021-ல மேகமலையோட சேர்த்து புலிகள் காப்பகமும் ஆயிருச்சு. புலிக்காடு இருக்க ஊர்ல நாய்க்குப் பஞ்சாயத்து பண்ணிட்டு இருக்கோம்.) மணி சங்கிலி என் கையில, குட்டி சங்கிலி அப்பா கையில, ரெண்டு சங்கிலியும் தொய்வா. இழுத்துப் பிடிச்சா நாய்க்கு அதுவே பதட்டம். நேருக்கு நேர் விடாம, தூரமா ஒரே திசையில பக்கவாட்டுல நடத்திக் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்தோம். மணி பின்பக்கம் மோந்து பாத்துச்சு. தும்முச்சு. போயி மாமரத்து நிழல்ல படுத்துருச்சு. அவ்ளோதான். அப்பா "என்னப்பா இது, வாலு கூட ஆட்டல"ன்னு ஏமாந்துட்டார். எனக்கோ பரம சந்தோசம். கண்டுக்காம போறதுதான் ஒரு பெருசு கொடுக்கிற பெரிய சர்ட்டிபிகேட்.

குட்டிக்கு நான் பால்கோவான்னு பேரு வச்சேன். அம்மா, "பால்கோவா எங்கடா வெள்ளையா இருக்கு? அது பழுப்பு"ன்னாங்க. நியாயமான கேள்வி. ஆனாலும் கோவான்னு நிலைச்சுருச்சு.

வீட்ல முதல் ரெண்டு நாள் சுமுகம். தனித்தனி தட்டு, தனித்தனி மூலை, மணிக்கு முதல்ல சாப்பாடு. திண்ணை மணிக்கு மட்டும், குட்டி ஏறக்கூடாது. மூணாவது நாள்தான் பிரச்சினை. மணி தூங்கிட்டு இருக்கும்போது கோவா அது காதைப் பிடிச்சு இழுக்குது. மணி உறுமுது. இங்க ஒண்ணு சொல்லணும், உறுமுன நாயைத் திட்டவே கூடாது. உறுமல்ங்கிறது சண்டை இல்ல, "போதும்டா, தள்ளிப் போ"ங்கிற மரியாதையான நோட்டீஸ். நோட்டீஸ் குடுத்ததுக்கு அடிச்சா அடுத்தவாட்டி நோட்டீஸே இல்லாம கடிக்கும். சாதாரணமா குட்டிங்க ஒரு உறுமல்லயே பின்வாங்கிரும். கோவா பின்வாங்கல. மணி இன்னும் சத்தமா உறுமுச்சு, குரைச்சுச்சு. கோவா பின்னாடி இருந்து வாலைக் கவ்வி ஆட்டிக்கிட்டே இருக்கு. டக்குனு மணி திரும்பிக் கவ்விருச்சு. முகத்துல ஒரு கீறல், ரத்தம். குட்டி வீறிட்டு அலறுது, அம்மா அழறாங்க, அப்பா மணியை அடிக்கக் கை ஓங்கிட்டார். நான் நடுவுல நின்னேன்.

அன்னைக்கு ராத்திரி அம்மாதான் சொன்னாங்க. "ஏய்யா, குக்கர் விசில் அடிச்சப்ப மணி எந்திரிச்சுப் போச்சு. இது அடுப்படி வாசல்லயே கெடந்து தூங்குது, அசையவே இல்லய்யா." நாங்க மூணு பேரும் ஒண்ணும் பேசல. அப்பா எந்திரிச்சுப் போய் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வந்து, தூங்குற குட்டிக்குப் பின்னாடி நின்னு ஓங்கித் தட்டினார். திண்ணையில இருந்து மணி குரைச்சுச்சு. பக்கத்து வீட்ல லைட் போட்டாங்க. குட்டி காது கூட அசையல.

மறுநாள் டாக்டர் பாத்துட்டு, ரெண்டு காதும் கேக்கலன்னார். அவரு சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இது: தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற செல்லு உள்காதுலயும் இருக்கணும். முழு வெள்ளை நாய்ல சிலதுக்கு அது இல்லாம போயிரும். குட்டிக்குக் காது துளை திறக்கறதே ரெண்டு வாரத்துல. அந்த செல்லு இல்லாட்டி அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள ஒலியை உணர்ற நுண்முடிங்க செத்துப் போயிரும். டால்மேஷன்லயும் இதே கதை, நீலக்கண்ணு வெள்ளைப் பூனைலயும் இதே கதை. எல்லா ராஜபாளையமும் செவிடு கிடையாது, ஆனா நெருங்கின சொந்தத்துல திரும்பத் திரும்ப இணை சேர்க்கும்போது இது மாதிரி பொறக்கறது கூடுது. மருந்து, ஆப்பரேஷன் எதுவும் இல்ல. கூடப் பிறந்ததுங்க எந்திரிச்சா இதுவும் எந்திரிக்கும், ஓடுனா இதுவும் ஓடும், அதனால கூட்டத்துல இருக்க வரைக்கும் தெரியாது. தனியா வந்ததும்தான் தெரியும்.

ஆக, மணி மேல தப்பே இல்ல. அது முறையா எல்லா நோட்டீஸும் குடுத்துருக்கு. நோட்டீஸ் போய்ச் சேரல.

அப்பா அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அவரு கோவமெல்லாம் படல, ரொம்ப சாதாரணமா, "கொண்டாந்து விட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துக்கோங்க சார்"ன்னார். அப்பா, "இதை என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டார். "அதை நாங்க பாத்துக்கிறோம்." போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அம்மா கோவாவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அப்பா போனை வச்சுட்டு, "தம்பி, இதுக்கு என்ன பண்ணனும்னு உன் பொட்டில தேடிச் சொல்லு"ன்னார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

பயம் என்னமோ எனக்குத்தான். காது கேக்காத குட்டி, வலியோட இருக்க கிழ நாய், வயசான ரெண்டு பேரு, நான் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஆணி புடுங்கிட்டு இருப்பேன். குட்டி மணியை விட வேகமா வளரும். இன்னைக்குக் கீறல், ஆறு மாசம் கழிச்சு கோவா திருப்பிக் கடிச்சா? மணி தாங்குமா?

கம்பெனில கெஞ்சிக் கூத்தாடி ஆறு வாரம் வீட்ல இருந்தே வேலைன்னு வாங்கினேன். முதல் காரியம் கோவா கழுத்துல ஒரு சின்ன மணி. (மணிக்கு மணி கட்டல, குட்டிக்குக் கட்டினோம். இந்த ஜோக்கை அப்பா ஊர் முழுக்கச் சொல்லிட்டார்.) குட்டி வர்றது பெருசுக்கு முன்கூட்டியே தெரியணும், தூக்கத்துல திடுக்கிடக்கூடாது. ரெண்டாவது, திண்ணைக்குக் குறுக்க ஆசாரி கிட்ட சொல்லி இடுப்பளவு கட்டைக் கதவு. நாங்க கண்ணு வைக்காத நேரம் அது சாத்தியே இருக்கும். மூணாவது, கோவாவைக் கூப்பிடத் தரையைக் காலால ஓங்கித் தட்டுறது. சிமெண்ட் தரையில அதிர்வு சரியா போகல, ஊஞ்சல் பலகையில படுத்திருந்தா நல்லாவே தெரிஞ்சுது. ராத்திரிக்கு டார்ச். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா "சபாஷ்", கையை விரிச்சுக் காட்டினா "நில்லு", ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு அவிச்ச கோழி. தூங்கும்போது மேல கை வச்சு எழுப்பாம, மூக்குகிட்ட கையை வச்சு வாசனை பிடிக்க விட்டு எழுப்புறது. அம்மா ரெண்டே வாரத்துல என்னை விட நல்லா பண்ணாங்க.

நாங்க கத்துக்கிட்டது பெருசில்ல. மணி கத்துக்கிட்டதுதான் ஆச்சரியம். ஒரு மாசத்துல அது உறுமுறதைக் குறைச்சுருச்சு. அதுக்குப் பதிலா குட்டி கிட்ட வந்தா எந்திரிச்சு, குறுக்கால திரும்பி, உடம்பை வச்சே மறிச்சு நிக்கும். அதுக்கும் அடங்கலன்னா குட்டி முகத்துக்கு நேரா போய் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். சத்தமே இல்லாம. கோவா அப்படியே உக்காந்துரும். செவிடுன்னு மணிக்குப் புரிஞ்சுதான்னு அப்பா கேட்டார். அதெல்லாம் இருக்காது, இது பலிக்குது அது பலிக்கலன்னு பாத்துருக்கும், அவ்ளோதான்னேன். அப்பாவுக்கு என் பதில் பிடிக்கல.

தீபாவளி வந்துச்சு. சிவகாசி பக்கத்துலயே இருக்கு, எங்க ஊர்ல வெடிக்குப் பஞ்சமா? வருஷா வருஷம் மணி கட்டிலுக்கு அடியில போய் நடுங்கிக்கிட்டே கெடக்கும், சோறு தண்ணி தொடாது. இந்தத் தடவையும் அதே. தெருவே அதிருது. கோவா ஹால் நடுவுல மல்லாக்கப் படுத்து நாலு காலையும் தூக்கிட்டுக் குறட்டை. பத்து மணி வாக்குல ஒரு சரவெடி. கட்டிலுக்கு அடியில இருந்து மணி தவழ்ந்து தவழ்ந்து வந்து, குட்டி முதுகோட தன் முதுகை ஒட்டிப் படுத்துச்சு. நடுக்கம் நிக்கல. ஆனா அங்கேயே கெடந்துச்சு, விடியற வரைக்கும்.

இப்ப கோவாவுக்கு ஒரு வயசு தாண்டியாச்சு, மணியை விட ரெண்டு மடங்கு உசரம். சங்கிலி இல்லாம வெளிய விடறதே இல்ல, வண்டி ஹாரன் கேக்காதே. சாப்பாட்டுத் தட்டு இன்னும் தனித்தனிதான், கட்டைக் கதவும் இருக்கு. மணி சுறுசுறுப்பாச்சான்னு கேட்டா, இல்ல. இடுப்பு வலி அப்படியேதான்.

அப்பாவோட வாக்கிங் சிநேகிதர் ஒருத்தருக்கு இப்ப ராஜபாளையம் குட்டி வேணுமாம். அவரு வீட்லயும் ஒரு பெருசு இருக்கு. அப்பா கொஞ்சம் யோசிச்சுட்டு, அறுபது நாள் ஆகட்டும், ஒவ்வொரு குட்டியையும் தனியா எடுத்து வச்சுத்தான் பாக்கணும்னு சொல்லிட்டார். ஒரு காது மட்டும் போயிருந்தா தட்டுச் சத்தத்துல தெரியாது, தலையில மின்முனை வச்சுப் பாக்குற டெஸ்ட்லதான் தெரியும்னு நான் சொன்னேன். "அது சரிப்பா, முதல்ல ரெண்டு காதும் போயிருக்கான்னு பாப்போம்"ன்னார். ஞாயித்துக்கிழமை கிளம்புறாங்க. தட்டும் கரண்டியும் இப்பவே பையில எடுத்து வச்சாச்சு. அம்மா கரண்டியைக் காணோம்னு தேடிட்டு இருக்காங்க.