‘கிஃப்ட்’ என்ற கட்டம்

26 ஆகஸ்ட் 2025, ராமநாதபுரம்

அமெரிக்காவுக்குச் சரக்குப் பார்சல் எடுப்பதை அஞ்சல் துறை நேற்றோடு நிறுத்திவிட்டது. 800 டாலர் வரையுள்ள பொருளுக்கு அங்கே இருந்துவந்த தீர்வை விலக்கு 29-ஆம் தேதி முடிகிறது. தீர்வையை யார் வசூலித்து யாரிடம் கட்டுவது என்பது இன்னும் தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் தபால் பையை ஏற்றத் தயங்குகின்றன. கடிதங்களும் 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்பும் மட்டும் போகலாமாம். வில்லங்கம் இங்கேதான். சாயல்குடிப் பக்கத்து ஓலைப்பெட்டியையும் ராமேசுவரத்துச் சிப்பி வேலையையும் இணையத்தில் விற்பவர்களுக்குக் கிடைக்கப்போகும் முதல் யோசனை, ‘கிஃப்ட்னு டிக் பண்ணி அனுப்பிடுங்க’ என்பதாகத்தான் இருக்கும். பார்சல் மேல் ஒட்டும் சிஎன் 22 சிட்டையில் அன்பளிப்பு, ஆவணம், மாதிரி, விற்பனைச் சரக்கு என்று சின்னச் சின்னக் கட்டங்கள் உண்டு. விற்பவர் அந்த அன்பளிப்புக் கட்டத்தில் பேனாவை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. அறத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

விற்றது 60 டாலர், சிட்டையில் எழுதியது 10 டாலர் என்றால், பெட்டி வழியில் தொலைந்தபின் இழப்பீட்டுப் பேச்சு 10 டாலரைத் தாண்டாது. விற்பனைத் தளத்தில் உண்மை விலை பதிவாகியிருக்கிறது. வந்த டாலருக்கு என்ன சரக்கு போனது என்று வங்கியும் கேட்கும். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்ற சலுகையும், அது ஏற்றுமதிதான் என்று காட்டும் தாள் கையில் இருந்தால்தான். பெட்டி முடையும் பெண் ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கும் படிவத்துக்கும் எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஐஇசி-க்குக் கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பம் இணையத்திலேயே. ஆண்டுக்கு ஒருமுறை விவரத்தைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆளுக்கொன்று தேவையில்லை, முடைபவர்கள் சேர்ந்து ஒரு குழுவின் பெயரில் ஒன்று எடுத்தால் போதும். அஞ்சல் ஏற்றுமதிக்கான மின்னணு அறிவிப்பு விதிகள் 2022 டிசம்பரில் வந்தபின், அஞ்சலக ஏற்றுமதி மையமான டாக் நிர்யாத் கேந்திரா வழியாக ஏற்றுமதி பில்லை இங்கிருந்தே பதியலாம். அதற்காகச் சென்னை வெளிநாட்டு அஞ்சலகம் வரை அலைய வேண்டியதில்லை. உண்மையான சிரமம் வேறு: பொருளைச் சரியாகப் பெயர் சொல்லி எழுதுவது. ‘கைவினைப் பொருள்’ என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. ‘பனையோலையில் முடைந்த பெட்டி, 4602’ என்று சுங்க வகைப்பாட்டு எண்ணோடு எழுதினால் சுங்க அதிகாரிக்குப் பிரித்துப் பார்க்கும் வேலை குறையும்.

8 செப்டம்பர்

எதிர்பார்த்ததுதான். அன்பளிப்புக்குத் திறந்திருந்த வாசலையும் சில நாளில் அடைத்துவிட்டார்கள். நம் நாடு மட்டுமல்ல. 88 அஞ்சல் நிறுவனங்கள் நிறுத்தியிருப்பதாகவும், 29-ஆம் தேதி அமெரிக்காவுக்குப் போன தபால் முந்தைய வாரத்தைவிட 81 சதவீதம் குறைந்ததாகவும் உலக அஞ்சல் ஒன்றியம் சொல்கிறது. நவராத்திரி, தீபாவளி விற்பனை இந்த இடைவெளியில் விழுந்துவிட்டது பெரிய நஷ்டம்தான்.

சிப்பிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அக்னி தீர்த்தக் கரையில் ஒரே தட்டில் கிடக்கும் சிப்பிகள் எல்லாம் சட்டத்தின் முன் ஒன்றல்ல. பவளம், ராட்சதச் சிப்பி, இன்னும் பல மெல்லுடலிகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் செய்த சாவிக்கொத்துகூட ஏற்றுமதியாக முடியாது. ‘சின்னப் பொருள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்’ என்பவர்கள், பிடிபட்டால் வரும் வழக்கு சாவிக்கொத்தின் விலையைப் பார்த்து வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். கீழக்கரையிலிருந்து வங்காளத்து வளையல்காரர்களுக்குச் சங்கு போன கரை இது. எந்தச் சங்கு எந்தச் சந்தைக்கு ஆகும் என்று தரம் பிரித்து அனுப்பியவர்கள் இங்கே இருந்தார்கள். இன்று விற்பவருக்கு வேண்டியதும் அந்தத் தரம் பிரிப்புதான், கூடவே இனத்தின் பெயரும்.

16 அக்டோபர்

நேற்று முதல் அமெரிக்கப் பார்சலை மறுபடி எடுக்கிறார்கள். சரக்கின் அறிவித்த விலையில் 50 சதவீதம் தீர்வை; அதையும் இங்கே பதியும்போதே கட்டிவிட வேண்டும். உண்மை விலை எழுதச் சொன்ன என் வாதத்துக்கு இதுதான் கடுமையான எதிர்க்கேள்வி: பாதி விலை தீர்வைக்கே போனால் சிறு வியாபாரி எப்படிப் பிழைப்பார்? குறைத்து எழுதும் ஆசை அன்றைவிட இன்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 20 டாலர் பெட்டியை 5 டாலர் என்று எழுதினால் கையில் மிஞ்சுவது ஏழரை டாலர். மாட்டினால் போவது 20 டாலரும் அனுப்பிய கூலியும், அதோடு தளத்தில் சேர்த்த நல்ல பெயரும். இந்தப் பந்தயம் எனக்குக் கட்டுப்படியாகத் தெரியவில்லை. தவிர, கொரியரில் பொருளுக்குப் பொருள் மாறும் அடிப்படைத் தீர்வை தபால் வழியில் சேர்வதில்லை. கொரியரில் கொள்ளளவு எடை வேறு: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 30, 30, 20 அளவுள்ள ஓலைப்பெட்டி தராசில் அரைக் கிலோகூடத் தேறாது, பில்லில் 3.6 கிலோ. காற்றுக்குக் கூலி கொடுப்பதைவிட, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கொட்டான்களாகவோ தட்டையான விசிறிகளாகவோ விற்பது மேல். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதைக் கிலோக் கணக்கில் விமானமேற்றினால் கூலி மிளகாயையே விழுங்கிவிடும்.

சட்டப்படியே தீர்வையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தீர்வை சரக்கின் விலைக்குத்தான், அனுப்பும் கூலிக்கு இல்லை. ‘ஃப்ரீ ஷிப்பிங்’ என்று கூலி 15 டாலரையும் விலைக்குள் புதைத்து 35 என்று பில் போட்டால் தீர்வை பதினேழரை. பெட்டி 20, கூலி 15 என்று பிரித்துப் போட்டால் 10. அமெரிக்காவே வேண்டாமென்றால் சிங்கப்பூர் இருக்கிறது: 400 வெள்ளி வரையுள்ள பொருளுக்கு 9 சதவீத ஜிஎஸ்டியைப் பதிவுபெற்ற தளங்கள் வாங்கும்போதே பிடித்துக்கொள்கின்றன, பார்சல் வந்த பிறகு வாங்கியவர் வரிக்காகத் திரும்பப் பணம் எடுக்க வேண்டியதில்லை.