தாங்கும் திறன் அறிக

தமிழ் பயின்று தமிழ் பயிற்றும் எமக்கு மின்சுற்றுகளோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. ஓய்வு கிடைக்கும் மாலைகளில் சுற்றுப்பலகையும் பற்றவைக்கும் ஈயமுமாக அமர்வது எமக்குப் பல்லாண்டுப் பழக்கம். அப்பழக்கம் எமக்குக் கற்பித்த பாடங்களுள் தலையாய ஒன்றை இம்மலரில் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். மின்தடையம் என்னும் சிறுபொருளை வாங்கும்போது, அது எவ்வளவு தடுக்கும் என்று மட்டும் கேட்டல் போதாது. எவ்வளவு தாங்கும் என்றும் கேட்டல் வேண்டும் என்பதே அப்பாடம்.

மின்தடையம் தன் வழியே செல்லும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகின்றது. அவ்வாறு செய்யுங்கால் அதன்கண் செலவாகும் ஆற்றல் மறைந்துவிடுவதில்லை; வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடையின் அளவுக்கும் ஏற்ப அமையும் என்பதை 1841ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர். தோன்றும் வெப்பத்தைத் தடையம் தன் மேனி வழியாகக் காற்றில் விட்டாக வேண்டும். கேடுறாமல் எவ்வளவு வெப்பத்தை இடையறாது வெளிவிட வல்லதோ, அதனையே வாட் என்னும் அலகால் குறிக்கின்றனர்.

சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் கால் வாட், அரை வாட், 1 வாட், 2 வாட், 5 வாட் எனப் பல திறத்தன கிடைக்கும். தடையத்தின் மேனியில் காணும் வண்ண வளையங்கள் தடையின் அளவையும் அதன் பிழை எல்லையையும் சொல்லுமேயன்றி வாட் அளவைச் சொல்லா. உருவத்தைக் கண்டே அதனை உணர்தல் வேண்டும். வழக்கமான கால் வாட் தடையம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுடையது. அரை வாட் தடையம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். காரில் பொருத்துவதற்காக ஒரு மாணவர் சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கு அமைக்கின்றார் எனக் கொள்வோம். 12 வோல்ட் மின்னழுத்தத்தில் விளக்கு 2 வோல்ட் கொள்ளும். எஞ்சிய 10 வோல்ட் தடையத்தின்மேல் விழும். 470 ஓம் தடையத்தை இட்டால் 21 மில்லி ஆம்பியர் ஓடும், வெப்பம் 0.21 வாட். கால் வாட் என்பது 0.25 ஆதலின், போதும் என்றே கணக்குச் சொல்லும். மேசைமீது விளக்கும் அழகாக ஒளிரும்.

ஆயின் காரின் மின்கலம் பெயரளவிலேயே 12 வோல்ட். இயந்திரம் ஓடி மின்னேற்றம் நிகழும்போது அது 14.4 வோல்ட் வரை உயர்வதுண்டு. அப்போது தடையத்தின்மேல் 12.4 வோல்ட், வெப்பமோ 0.33 வாட். அழுத்தம் ஏறத்தாழக் காற்பங்கே கூடியது. வெப்பம் பாதிக்குமேல் கூடிவிட்டது. இருமடியாய்ப் பெருகும் பொருளின் இயல்பு அது. மேலும், இத்தகைய கார்பன் படலத் தடையங்களுக்குச் சொல்லப்படும் திறன், சுற்றுப்புற வெப்பநிலை பொதுவாக 70 பாகை செல்சியசுக்குள் இருக்கும்வரைதான். வெயிலில் நிற்கும் காரின் மூடிய பெட்டிக்குள் அவ்வெல்லை தொலைவில் இல்லை.

மிகுசுமை ஏற்ற தடையம் உடனே முறையிடுவதில்லை. வண்ணம் கருகும், தடையின் அளவு திரியும், பலகை பழுப்பேறும், ஈயப் பற்று தளரும். கண்ணுக்கு மறைவான இடத்தில், நெகிழிக்கும் துணிக்கும் அருகே இவை நிகழுமாயின் தீக்கும் அஞ்சுதல் வேண்டும்.

இதற்கு வழி மூன்று. முதலாவது, சுமையைக் குறைத்தல். 470 ஓமுக்கு மாற்றாக 1000 ஓம் இட்டால், 14.4 வோல்ட்டிலும் வெப்பம் 0.15 வாட்டே, ஒளி சற்றே குறையினும் கண்டறியப் போதும். இரண்டாவது, கணக்கில் வரும் அளவைப் போல் இருமடங்கேனும் திறனுள்ளதைத் தேர்தல். 0.15 வாட்டுக்கு அரை வாட் தடையம் பொருந்தும். மூன்றாவது, சுமையைப் பகிர்தல். 470 ஓம் கால் வாட் தடையங்கள் நான்கினை, இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு இணைகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால், மொத்தத் தடை 470 ஓமாகவே நிற்கும். தாங்கும் திறனோ 1 வாட்டாக உயரும். ஒருவர் சுமக்க இயலாததை நால்வர் எளிதிற் சுமக்கும் காட்சி இது.

அதற்காக எங்கும் பெரியதையே இடுதல் வீண்விரயம். 5 வோல்ட்டில் 10,000 ஓம் தடையம் வெளிவிடுவது 0.0025 வாட் மட்டுமே. அங்கே கால் வாட்டே நூறு மடங்கு மிகுதி. அளவறிந்து இடுதலே அறிவு.

வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், மயிலிறகு ஏற்றிய வண்டியை அங்கு உவமையாக்கினார். பணியாளர்மீது இயலாச் சுமையைச் சுமத்தலாகாது, சுமத்தினால் அவர்க்கு உதவுதல் வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கையகலச் சுற்றுப்பலகையிலும் இவ்வறம் விளங்கக் காண்கின்றோம். வீட்டிலும் கல்லூரியிலும், வாய்திறவாது உழைப்பவர்மேல் மேலும் மேலும் பணியை ஏற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவர் கருகத் தொடங்கியதை நாம் அறிவது பெரும்பாலும் காலம் கடந்த பின்னரே.

ஆதலின் கண்காட்சிக்குக் கருவி செய்யும் மாணவச் செல்வங்களே, கடைக்குச் செல்லுமுன் மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்துப் பாருங்கள். வழக்கமான அழுத்தத்தை விடுத்து, நேரக்கூடிய மிக உயர்ந்த அழுத்தத்தையே கணக்கிற் கொள்ளுங்கள். வந்த விடையை இருமடங்காக்கி, அதற்குக் குறையாத திறனுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கால் வாட்டுக்கும் அரை வாட்டுக்கும் விலை வேறுபாடு மிகச் சிறிது.