ஏரிக்குள் ஒரு மைக்

பேய்ப் படத்துக்குப் பேய் அவசியமில்லை என்பது கையில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்தது. 1999இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’டில் நடிகர்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்தார்கள், ராத்திரியில் இயக்குநர்கள் கூடாரத்துக்கு வெளியே சத்தம் எழுப்பி அவர்களை நிஜமாகவே மிரட்டினார்கள். நம் ஊரில் 2012இல் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’. ஒரு பங்களா, ஒரு டார்ச், பீட்சா கொடுக்கப் போன விஜய் சேதுபதி. அங்கே நடந்ததாக நாம் நடுங்கியதெல்லாம் அவன் கட்டிவிட்ட கதை என்று தெரியும்போது, ஏமாந்ததிலும் ஒரு சந்தோஷம். (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். இத்தனை வருஷம் ரகசியம் காத்ததே பெரிசு.)

ஒலிப்பதிவாளர் நண்பர் ஒருவர் அப்படியொரு கைக்காசுப் படத்துக்குச் சத்தம் பிடிக்கப் பழவேற்காடு கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். இயக்குநரின் கண் அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் மேல். அதன் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. “அதைக் காட்டினா டூரிஸ்ட் வீடியோ ஆயிடும். எனக்கு ஏரி போதும்.” தொல்லியல் துறை இடத்தில் படமெடுக்க அனுமதிக்கு வேறு அலைய வேண்டும்.

இருட்டியதும் கோட்டைக்குப்பத்திலிருந்து படகு. இந்தப் பக்கத்துக் குப்பங்களில் இறால் வலை கட்டுவதற்குப் பாடு முறை உண்டு. எந்த இடம் யாருக்கு, என்றைக்கு என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். படகுக்கார அண்ணனுக்கு அன்று பாடு இல்லை, அதனால் வந்தார். மைக் வேலை செய்யவேண்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றியே தள்ளினார்.

இருட்டில் ‘பொளக்’ என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மடவை துள்ளுது தம்பி” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். தூரத்தில் ஏதோ முனகியது. “பூநாரை.” கட்டை கட்டையில் உரசியது. “அது நம்ம படகுதான்.” அவர் பெயர் சொல்லச் சொல்ல பயம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. நண்பர் தலையில் கைவைத்துக்கொண்டார். தியேட்டரில் அண்ணன் உட்கார்ந்தால் படம் படுத்துவிடும். இந்தத் தொழிலின் சூட்சுமமே சத்தத்தை அதன் சொந்தக்காரனிடமிருந்து பிரித்தெடுப்பதுதான். மடவையைக் காட்டாமல் ‘பொளக்’கை மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும்.

“உங்களுக்கு எதுண்ணே பயம்?” என்றேன்.

“முகத்துவாரம் மண்ணு மூடிச்சுன்னா கடல் தண்ணி உள்ள வராது. அப்புறம் ஏது இறாலு?”

கடைசியாக, தண்ணீருக்குள் போடும் மைக்கைக் கேபிளோடு இறக்கினார் நண்பர். ஹெட்போனில் காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் படபடவென்று விடாத சத்தம். சொடுக்கு இறால் கொடுக்கைச் சொடுக்குவது என்று என் காதோடு சொன்னார். அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தோம், என்னவென்று சொல்லவில்லை. அவர் கை கழியிலேயே நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றித் தண்ணீரைப் பார்த்தார், மறுபடி மாட்டினார்.

“இது நம்ம ஏரியா?”

“ஆமாண்ணே.”

“என்னது இது?”

நண்பர் உடனே சொல்லவில்லை. அந்த முகத்தைத்தான் அவர் படம் பார்க்கப்போகிறவர்களிடம் எதிர்பார்க்கிறார். அப்புறம் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “இறாலா? அப்போ எங்க நிறைய இருக்குன்னு இதுல தெரியுமா?”

“இது நீங்க பிடிக்கிற இறால் இல்லண்ணே.”

“இருக்கட்டும். இது என்ன விலை?”

நண்பர் சொன்னார்.

“அந்தக் காசுக்கு வலையே வாங்கிடலாமே தம்பி” என்று இன்ஜின் கயிற்றை இழுத்தார்.