செட்டிங்ஸ் யாருக்குச் சொந்தம்?

எழுத்தைப் பெரிதாக்குகிறோம், பின்னணியைக் கறுப்பாக்குகிறோம், தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கிறோம். மறுநாள் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. மென்பொருள் இதையெல்லாம் எங்கே எழுதி வைக்கிறது என்று யோசித்ததுண்டா? ஒரு சின்ன குறிப்பேடு மென்பொருள் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும் என்பது ஆசை.

மூன்றுக்கும் மூன்று வழக்கம். விண்டோஸ் 95 வந்த பிறகு ஐஎன்ஐ கோப்புகளின் இடத்தை ரெஜிஸ்ட்ரி பிடித்தது. கோப்பாகவே வைப்பதென்றால் ஆப்டேட்டா ஃபோல்டர். மேக்கில் லைப்ரரிக்குள் ப்ரிஃபரன்சஸ். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகள்.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. ஆரம்பகால யூனிக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்களை மட்டும் மறைக்க வேண்டியிருந்தது. நிரலோ முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது. விளைவு, புள்ளியில் தொடங்கிய எல்லாமே மறைந்தன! ராப் பைக் 2012-ல் இதை எழுதியிருந்தார். மென்பொருள்கள் எல்லாம் அந்த மறைவில் செட்டிங்ஸைக் கொட்டி ஹோம் ஃபோல்டரை நிரப்பின :-) அதை ஒழுங்குபடுத்தத்தான் 2003-ல் 'டாட் கான்ஃபிக்' என்ற பொது ஃபோல்டரை வகுத்தார்கள்.

இத்தனை தலைவலி எதற்கு, மென்பொருள் இருக்கும் இடத்திலேயே ஒரு கோப்பை வைத்தால் போதாதா?

போதாது. என் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் பார்வை குறைவு. பெரிய எழுத்தும் கறுப்புப் பின்னணியும் இருந்தால்தான் அவளால் படிக்க முடியும். ஆய்வகக் கணினியைப் பலர் பயன்படுத்துகிறோம். எல்லோருக்கும் ஒரே கோப்பு என்றால், யாரோ மாற்றியதை அவள் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். நமக்கு அலங்காரம், அவளுக்கு அது மூக்குக்கண்ணாடி.

க்யூடி நூலகத்தின் க்யூசெட்டிங்ஸ் இந்த வேலையைச் சுலபமாக்கும். நிரல் ஒன்றே, விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியிலும் மற்றவற்றில் அதனதன் இடத்திலும் அதுவே எழுதிவிடும். ஆனால் வீட்டில் லினக்ஸ், ஆய்வகத்தில் விண்டோஸ் என்றிருப்பவர் ரெஜிஸ்ட்ரியைப் பென்டிரைவில் எடுத்துப் போக முடியுமா?

அதனால் சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான் என் முடிவு. இடம் அந்தந்த இயங்குதளம் சொல்வது, வடிவம் எங்கும் ஒன்றே. எழுத்தளவு, நிறம், விசைப்பலகை ஆகியவை மனிதருடையவை, அவை அதில் இருக்கும். ஜன்னல் இருந்த இடம், கடைசியாகத் திறந்த கோப்பு ஆகியவை கணினியுடையவை, அவற்றுக்குத் தனிக் கோப்பு. விண்டோஸ் ஆப்டேட்டாவை ரோமிங், லோக்கல் என்று பிரித்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

கணினி மாறலாம். அவளுடைய எழுத்தளவு ஏன் மாற வேண்டும்?