சாவியை எடுத்தாலும் உறங்காத பெட்டரி

கார் திருத்துவது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அந்த வேலை நம் பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றத்தில் நடக்கும்போது நாமும் சிலவற்றைத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஹைப்ரிட் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முழுப் பெட்டரியையும் மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். அந்தச் செலவைக் கேட்டு வீடே வாயடைத்துப் போனது. இத்தகைய வாகனங்களைத் திருத்தப் பயிற்சி பெற்ற என் நானா வந்து பரிசோதித்தார். பெட்டரியில் குறையில்லை, அதைக் கண்காணிக்கும் சிறு கருவியே பழுது என்றார். வீட்டிலேயே மாற்றித் தரவும் முன்வந்தார்.

அந்தக் கருவிக்கு என்ன வேலை? 2003இல் வெளிவந்த இரண்டாந் தலைமுறை பிரியஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெட்டரியில் 28 பகுதிகள் வரிசையாக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. அவற்றை இரண்டிரண்டாக, 14 தொகுதிகளாக அளந்து, சூட்டையும் பார்த்து வாகனத்தின் கணினிக்கு அறிவிப்பது இக்கருவிதான். அது பிழையாக அறிவித்தால் நல்ல பெட்டரியும் கெட்டதாகவே தெரியும்.

நானா முதலில் பிள்ளைகளை உள்ளே அனுப்பச் சொன்னார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றினார். கார்ச் சாவியைத் தூரத்தில் வைத்தார். சிறிய 12 வோல்ட் பெட்டரியின் வயரைக் கழற்றினார். உயர் மின்னழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட இறப்பர்க் கையுறை அணிந்து, செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புப் பிளக்கை இழுத்தெடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு எவரும் அதைத் திரும்பப் பூட்டிவிடக் கூடாதல்லவா? பிறகு பத்து நிமிடம் சும்மா இருந்தார். வாகனத்தின் மின்சுற்றில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டுமாம்.

"இனிப் பயமில்லைதானே நானா?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. பிளக்கை எடுத்தா சங்கிலி நடுவில அறும், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டிலயும் கரண்ட் அப்படியே இருக்கு. நான் கழற்றப் போற வயரெல்லாம் அதிலயிருந்துதான் வருது" என்றார். வேலை முடியும்வரை அவர் கையுறையைக் கழற்றவேயில்லை.

சகோதரிகளே, பெட்டரியை மாற்றச் சொன்னால் முதலில் முறையாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வேலை செய்ய வருபவர் பயிற்சி பெற்றவரா, கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள். "சாவியை எடுத்தாச்சு, இனி என்ன?" என்று அவர் சிரித்தால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுங்கள். மிச்சப்படும் பணத்தைவிட நம் வீட்டாரின் உயிர் பெரிது.