பாட்டியின் கன்னத்தில் ஒரு விரிசல்

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தேசியக் கலைக்கூடம். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைக்கப்பட்டு 2015இல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம்.

ஓவியம் பயிலும் நான் அன்று அங்கு போனது மனம் சரியில்லாமல்தான். எண்ணெய் வண்ணத்தில் நான் வரைந்த முதல் படம், மறைந்த என் பாட்டியின் முகம். சில மாதங்களில் கன்னத்தில் விரிசல் விட்டுவிட்டது.

தவறு என்னுடையது. நீர்வண்ணம் தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும். எண்ணெய் அப்படியல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும். அதனால் அடிப்பூச்சில் டர்பன்டைன் கலந்து மெலிதாகவும், மேலே போகப் போக எண்ணெய் கூட்டியும் தீட்ட வேண்டும். நானோ அவசரத்தில் தலைகீழாகச் செய்தேன். மேல்பூச்சு முதலில் காய்ந்தது. அடிப்பூச்சு பிறகு அசைந்தது.

கலைக்கூடத்தில் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் தீட்டிய தன்னுருவப் படத்தின் முன் நின்றேன். நோட்டுப் புத்தக அளவுதான். 1951இல் பினாங்குக்கு வந்து, 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தவர் அவர். சின்னஞ்சிறு முகம், நேராகப் பார்க்கும் கண்கள். அதில் அவசரமே தெரியவில்லை.

வீடு திரும்பியதும் புதிய கேன்வாஸில் பாட்டியை மீண்டும் தொடங்கினேன். முதல் பூச்சு இன்னும் காயவில்லை. காத்திருக்கிறேன்.